கலப்புச் சேவல் மலடா?

கேள்வி: பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து போன வருடம் ஒரு சேவல் கொண்டுவந்தோம். கம்போங் கோழிக்கும் காட்டுக்கோழிக்கும் பிறந்தது என்று பெரியப்பா சொன்னார். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது: ஒல்லி உடம்பு, நெருப்பு நிறக் கழுத்து, ஆளைக் கண்டால் கூரைக்குப் பறந்துவிடும். யாருடையது என்றே தெரியாமல் எங்கள் தாமானில் திரிந்த மூன்று பெட்டைகளை ஜூலை கடைசியில் இதோடு சேர்த்து அடைத்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் முட்டைகளை அடுப்படி அலமாரியில் சேர்த்து, ஆகஸ்ட்டில் 12 முட்டை அடை வைத்தோம். பொரித்தது இரண்டே குஞ்சு. மற்றதெல்லாம் கூமுட்டை. அதே சமயத்தில் சேவலுக்குக் கழுத்து இறகு உதிர்ந்து, கறுப்பாகக் குட்டை இறகு முளைத்தது. கொண்டையும் வெளுத்துச் சுருங்கியது. “கலப்பு என்றால் கோவேறு கழுதை மாதிரி, வம்சம் வளராது” என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். உண்மையா? இந்த அபூர்வ வகையை எப்படிப் பெருக்குவது?
— திருமதி க.ம., பெட்டாலிங் ஜெயா

பதில்: அருமையான கடிதம், அம்மா. கேள்வியோடு பதிலில் பாதியையும் நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஆகஸ்ட் மாதம், அடுப்படி அலமாரி, கறுத்த கழுத்து, ஊர் சுற்றிய பெட்டைகள் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன நான்கு விவரங்களும் எனக்கு மிகவும் உதவின. அவற்றுக்கு வருவதற்கு முன் உங்கள் அண்டை வீட்டுக்காரரின் கோவேறு கழுதையைப் பார்த்துவிடலாம்.

குதிரையும் கழுதையும் இருவேறு இனங்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. குரோமோசோம் என்பது உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் இழை. கோவேறு கழுதைக்கு 63 வருகிறது. ஒற்றைப்படை என்பதால் இணை சேர்த்துப் பிரிக்க முடியாமல், விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும் கட்டத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது. அங்கிள் சொன்னது கழுதைக்குச் சரி.

உங்கள் சேவலின் கதை வேறு. மலாய்க்காரர்கள் ஆயாம் ஹூத்தான் என்று சொல்லும் நம் காட்டுக்கோழி, அதாவது செங்காட்டுக்கோழி, கம்போங் கோழிக்குத் தூரத்து உறவு அல்ல. அதன் நேரடி மூதாதை. அறிவியல் பெயரும் இரண்டுக்கும் ஒன்றே: காலஸ் காலஸ். இரண்டுக்கும் 78 குரோமோசோம்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு 863 கோழிகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, வீட்டுக்கோழி செங்காட்டுக்கோழியின் ஸ்பாடிசியஸ் என்ற கிளையினத்திலிருந்து வந்தது என்று காட்டியது. கிளையினம் என்றால் ஒரே இனத்துக்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே மாறுபடும் பிரிவு. மலாயாத் தீபகற்பத்துக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மேய்வது இந்த ஸ்பாடிசியஸ்தான். ஆக, பெரியப்பா வீட்டில் நடந்தது பேத்தி போய்ப் பாட்டன் வழியில் வாழ்க்கைப்பட்டது. அந்தப் பிள்ளைகள் மலடாக வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

“அப்படியென்றால் இரண்டு குஞ்சு பொரித்ததே என் சேவலுக்குச் சாட்சி” என்று நீங்கள் நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். பெட்டைக்கோழியின் உடலில், கருப்பையும் புணர்வழியும் சேரும் இடத்தில் மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. விந்தணுக்களை உயிரோடு சேர்த்துவைக்கும் கிடங்குகள் அவை. ஒருமுறை சேவலோடு சேர்ந்த பெட்டை, சேவலே இல்லாமல் இரண்டு வாரம் வரைக்கும், சில சமயம் மூன்று வாரம் வரைக்கும் கருக்கட்டிய முட்டையிடும். ஊர் சுற்றிக்கொண்டிருந்த பெட்டைகளை ஜூலை கடைசியில்தான் அடைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு குஞ்சுகளுக்கும் தகப்பன் தெருமுனையில் கூவும் வேறொரு சேவலாகவும் இருக்கலாம். அடுத்த முறை பெட்டையைச் சேர்த்து மூன்று வாரம் கழிந்த பிறகு விழும் முட்டைகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இனி ஆகஸ்ட்டுக்கு வருவோம். வீட்டுச் சேவல் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே தெம்போடு இருக்கும். காட்டுச் சேவல் அப்படி இல்லை. இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும், பொதுவாக ஆண்டின் நடுப்பகுதியில், அதன் நீண்ட பொன்னிறக் கழுத்து இறகுகள் கொட்டி, அங்கே குட்டையான கறுப்பு இறகுகள் முளைக்கும். வாலின் நீண்ட அரிவாள் இறகுகளும் விழும். கொண்டை சுருங்கும், கூவல் குறையும். பறவையியலாளர்கள் இதை மங்கல் இறகுக் காலம் என்பார்கள். பகட்டான உடையைக் கழற்றி எளிய உடையில் பறவை இருக்கும் சில மாதங்கள் என்று பொருள். வெளியே கொண்டை சுருங்கும்போது உள்ளே விந்தகமும் சுருங்குகிறது. விந்தணு உற்பத்தி குறைந்து, நின்றும் போகலாம். நோயும் இல்லை, மலட்டுத்தன்மையும் இல்லை, விடுமுறை, அவ்வளவுதான்.

கழுத்து முழுவதும் கறுக்கும் இந்த இறகு மாற்றம் வீட்டுக்கோழிகளில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதனால் காட்டு ரத்தம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் இதை ஓர் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். பெரியப்பா சொன்னதை உங்கள் சேவலின் கழுத்தே ஓரளவு உறுதி செய்கிறது. காட்டுத் தன்மைக்குச் சாட்சியான அதே இறகு உதிர்வுதான் ஆகஸ்ட் முட்டைகளைக் கெடுத்ததற்கும் ஒரு காரணம் என்பதை நினைக்கும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருக்கிறது. பொன் இறகு திரும்பி, கொண்டை நன்றாகச் சிவந்து, விடியலில் பழையபடி கூவத் தொடங்கும் வரை காத்திருங்கள். அதற்கு மேலும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். புதிய விந்தணு உருவாகி முதிர அந்த அவகாசம் வேண்டும்.

இப்போது அடுப்படி அலமாரி. முட்டை கெட்டுப்போனால் உடனே சேவலைத்தான் சந்தேகிக்கிறோம். ஆனால் பொரிக்காத முட்டைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில முட்டைகளில் கருவே கட்டியிருக்காது. சிலவற்றில் கரு கட்டி, முதல் இரண்டு மூன்று நாளில் செத்திருக்கும். இன்னும் சிலவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்து, ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே மாண்டிருக்கும். மூன்றையும் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். முதல் வகைக்குத்தான் சேவலைக் கேட்க வேண்டும்; அப்போதும் சேவலை மட்டும் இல்லை.

மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்ட ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குள் விந்தணு அதைச் சேர்ந்தாக வேண்டும். அதன் பிறகு வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும், வழி அடைபட்டுவிடும். ஓடு கட்டி முட்டை வெளியே வர ஒரு நாளுக்குச் சற்று மேலாகிறது. அதற்குள் கரு தாயின் உடல் சூட்டில் வளர்ந்து, முட்டை வைக்கோலில் விழும்போதே பல்லாயிரம் உயிரணுக்கள் கொண்டதாகிவிடும். வெளியே வந்து குளிர்ந்ததும் அது தூங்குகிறது, அடைச் சூடு கிடைத்ததும் விழிக்கிறது. அந்தத் தூக்கத்துக்கு ஏறக்குறைய 20, 21 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். பெட்டாலிங் ஜெயாவின் அடுப்படியில் பகலில் 30 பாகைக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் கரு தூங்கவும் முடியாது, ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாகப் பிரிந்து பிரிந்து, அடை வைப்பதற்கு முன்பே பலவீனப்பட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிக் கிடந்த முட்டையை விளக்கில் பார்த்தால் கரு கட்டாத முட்டை மாதிரியே தெளிவாகத் தெரியும். அங்கிளின் தீர்ப்பு இங்கேதான் தவறியது என்று நினைக்கிறேன்.

சந்தேகம் தீர ஒரு சோதனை சொல்கிறேன். சேவல் பழைய நிலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆன பின், அன்று விழுந்த முட்டைகளில் ஐந்தாறை அடை வைக்காமல் தட்டில் உடைத்துப் பாருங்கள். எப்படியும் ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டைதானே. மஞ்சள் கருவை மேலே புரட்டினால் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு தெரியும். அதுதான் கருவட்டு, குஞ்சு தொடங்கும் இடம். கரு கட்டாத முட்டையில் அது சின்னதாக, கெட்டி வெள்ளையாக, ஓரம் பிசிறாக இருக்கும். கரு கட்டியதில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நல்ல வட்டமாக, நடுவில் வெளிறி, சுற்றிலும் வளையம் போட்ட மாதிரி இருக்கும். ஆறில் ஐந்தில் வளையம் தெரிந்தால் சேவல் மீது குற்றமில்லை. முட்டையை வைத்திருந்த விதத்தைத் திருத்தினால் போதும்.

அடை வைக்கும் முட்டையை நான்கைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். 15 முதல் 18 பாகை வரை குளிர்ச்சியான இடம் கிடைத்தால் ஒரு வாரம் தாங்கும். சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் நான்கு பாகை கருவுக்கு மிகையான குளிர். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது; நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கட்டி இறந்துவிட்டது. இருபத்தோராம் நாளை ஒட்டி, ஓட்டுக்குள்ளேயே முழுக்குஞ்சு செத்துக் கிடப்பது தொடர்ந்தால் தீனியைப் பாருங்கள். மிச்சச் சோறும் அரிசியுமே தின்னும் பெட்டையின் முட்டையில் ரிபோஃபிளேவின் குறையும்; வைட்டமின் பி2 என்பார்களே, அதுதான். தாய்க்கோழிக்கு வெளியே ஒன்றும் தெரியாது, குஞ்சுதான் சாகும். கீரை, புழு பூச்சி, இனப்பெருக்கக் கோழிகளுக்கென்று விற்கும் தீனி ஆகியவை இதைச் சரிசெய்யும்.

பெட்டைகளுக்கும் இதில் சொந்தமாக ஒரு முடிவு உண்டு. வீடு விட்டுத் திரிந்து காட்டு வழக்கத்துக்குத் திரும்பிய கோழிகளை வைத்துப் பிட்சாரி, பர்க்ஹெட் என்ற இருவர் செய்த ஆய்வு 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் உள்ள சேவல் வலியச் சேர்ந்தால், பெட்டை அந்த விந்தை உடனே வெளியே தள்ளிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிட்சாரி குழுவினர் பிறகு செங்காட்டுக்கோழிகளில் செய்த ஆய்வில், உடன்பிறந்த சேவலின் விந்தணுவைப் பெட்டைகள் குறைவாகவே தேக்கிவைப்பதும் தெரியவந்தது. ஆக, மிதித்ததைக் கண்ணால் பார்த்தோம் என்பது மட்டும் போதாது. உங்கள் முற்றத்தில் இரண்டு சேவல்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் ஒன்றைப் பிரித்து வையுங்கள்; அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்காதீர்கள்.

சேவலின் கொண்டை வடிவத்தை நீங்கள் எழுதவில்லை. காட்டுக்கோழிக்கு இருப்பது ரம்பப் பல் போன்ற ஒற்றைக் கொண்டை. தட்டையாக, மேடு மேடாக இருக்கும் ரோஜாக் கொண்டை கம்போங் ரத்தத்தில் வரும். அந்தக் கொண்டைக்கான மரபணு தாய் தகப்பன் இரு வழியிலும் சேர்ந்து வந்த சேவலுக்கு விந்தணுவின் நீந்தும் திறன் குறைவு. 2012-இல் இதன் மரபணுக் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். இது கலப்பால் வரும் குறை இல்லை, கொண்டையோடு கூட வரும் குறை.

இவ்வளவு சொன்ன பிறகு, அங்கிளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். காட்டுக்கோழி இனம் உலகில் ஒன்றல்ல, நான்கு. நம் செங்காட்டுக்கோழி, தமிழ்நாட்டு மலைகளிலும் உள்ள சாம்பல் காட்டுக்கோழி, இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவா முதல் ஃபுளோரஸ் வரை வாழும் பச்சைக் காட்டுக்கோழி. இனம் விட்டு இனம் கலக்கும்போது உண்மையிலேயே சிக்கல் வருகிறது. மூன்று காட்டுக்கோழி இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் இணைத்துக் கிடைத்த சுமார் 500 முட்டைகளை 19-ஆம் நூற்றாண்டில் சால்ட்டர் என்பவர் ஆராய்ந்தார். அந்தக் கணக்கை டார்வின் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் பிற்காலப் பதிப்புகளில் சேர்த்திருக்கிறார். பெரும்பாலான முட்டைகளில் கரு கட்டியிருந்தது. ஆனால் பாதி வளர்ந்து செத்தவையும் ஓட்டை உடைக்க முடியாமல் செத்தவையுமே அதிகம். பொரித்தவற்றிலும் ஐந்தில் நான்குக்கு மேல் சில நாளில், சில வாரத்தில் இறந்தன. தேறியவை 12 மட்டும். மலட்டுத்தன்மை என்பது எப்போதும் கரு கட்டாமையாக வருவதில்லை என்பதை இந்த ஒரு கணக்கு அழகாகக் காட்டுகிறது.

அதிலும் சேவலைவிடப் பெட்டைதான் முதலில் பாதிக்கப்படும். 1922-இல் மரபியலாளர் ஹால்டேன் வகுத்த விதி இது: இருவேறு இனங்களின் கலப்பில் ஒரு பாலினம் மட்டும் மலடாகவோ இல்லாமலோ போனால், பெரும்பாலும் அது வெவ்வேறு பாலினக் குரோமோசோம் இரண்டைச் சுமக்கும் பாலினமாக இருக்கும். மனிதர்களில் அது ஆண். பறவைகளில் பெட்டை, அதற்குத்தான் இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். கிழக்கு ஜாவாவின் அடையாளப் பறவையான பெக்கிசார் இதற்கு வாழும் உதாரணம். பச்சைக் காட்டுச் சேவலை வீட்டுப் பெட்டையோடு சேர்த்துப் பெறும் கலப்பு அது. கூவலுக்காக அதன் சேவலை விரும்பி வளர்க்கிறார்கள். சேவல்கள் ஓரளவாவது வம்சம் தரும். பெட்டைகளை நம்பி யாரும் வம்சம் வளர்ப்பதில்லை.

சேவல் வழியாக ஒரு சிறு கதவு திறந்தே இருப்பதால் எவ்வளவு நடந்திருக்கிறது தெரியுமா? சந்தையில் தோலும் காலும் மஞ்சளாக இருக்கும் கோழிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சளுக்கான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. சாம்பல் காட்டுக்கோழியின் வழி வந்தது என்று 2008-இல் நிறுவினார்கள். நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, இந்தியக் காட்டுக்கோழி வீட்டுக்கோழியோடு சேர்ந்து, அதன் பிள்ளைகள் பெருகி உலகம் முழுவதும் பரவிவிட்டன. உங்கள் சேவலின் கால் மஞ்சளா, ஈயச் சாம்பலா என்று பாருங்கள். கலப்பில்லாத செங்காட்டுக்கோழிக்குக் கால் சாம்பல்தான்.

கடைசியாக, “அபூர்வ வகை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் சேவல் அழகானது, ஆனால் அபூர்வமானது இல்லை. தோட்டப்புறத்தில் கம்போங் கோழியும் காட்டுக்கோழியும் ஒரே செம்பனை நிழலில் மேய்கிற இடமெல்லாம் இந்தக் கலப்பு நடக்கிறது. வம்சம் வளராது என்பது பொய்யாக இருப்பதுதான் இங்கே கவலைக்குரியது. கலப்பு தாராளமாகப் பெருகுவதால், கலக்காத காட்டுக்கோழிதான் அபூர்வமாகி வருகிறது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பழைய அருங்காட்சியக மாதிரிகளையும் இன்றைய பறவைகளையும் ஒப்பிட்டு 2023-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: இன்றைய காட்டுக்கோழிகளின் மரபணுத் தொகுதியில் 20 முதல் 50 விழுக்காடு வரை வளர்ப்புக் கோழியிடமிருந்து வந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குள் நடந்த மாற்றம் இது. காடு இருக்கிறது, கூவலும் கேட்கிறது. உள்ளே இருக்கும் பறவை மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது மனத்தை உறுத்துகிறது. உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூலமான கிளையினம் நம் வீட்டுக்குப் பின்னாலேயே வாழ்கிறது, அதை நாம் கவனிக்காமலே இழக்கலாமா?

அதனால் குஞ்சுகள் அதிகமாகிவிட்டால், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று புக்கிட் காசிங் பக்கமோ கோத்தா டாமன்சாரா காட்டிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கோழி வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள். இன்னும் “சுத்த ரத்தம்” வேண்டும் என்று தோட்டத்தில் கண்ணி வைத்துக் காட்டுக்கோழி பிடிக்கவும் சொல்லாதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிக்கவும் வைத்திருக்கவும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தேவை. உங்கள் சேவல் வீட்டில் பொரித்த கலப்புதான் என்றாலும், அந்தத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. தாமானில் கோழி வளர்ப்பதற்கான விதியை மாநகர் மன்றத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விடிகாலைக் கூவலுக்கு அங்கிள் இதுவரை புகார் செய்யவில்லை என்பதே பெரிய விஷயம்.

இப்போதுள்ள இரண்டு குஞ்சுகளில் பெட்டை இருந்தால் அதை இந்தச் சேவலோடு சேர்க்க வேண்டாம், தகப்பனாகவும் இருக்கலாம். வேறு கம்போங்கிலிருந்து உறவில்லாத ஒரு பெட்டை வாங்குங்கள், உடம்பு சின்னதாகப் பார்த்து. ஒல்லிச் சேவலுக்குப் பருத்த பெட்டையின் மேல் நிலைத்து நிற்பதே சிரமம். கொண்டை சிவந்த பிறகு வைக்கும் அடையின் ஏழாம் நாள் கணக்கை எனக்கு எழுதுங்கள்: எத்தனை முட்டையில் நரம்பு, எத்தனையில் வளையம், எத்தனை தெளிவு என்று மூன்றாகப் பிரித்து.